மூணாந்தண்ணி வரைக்கும்

எங்க தேயிலத் தோட்டத்து லயத்துல, வரிசையா இருக்க அத்தன வீட்டுலயும், புள்ள வளக்குறதுல என்னை மிஞ்ச ஒருத்தன் கெடையாது. பொண்டாட்டி மூணாவது பிரசவத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, ரெண்டு புள்ளைங்களையும் ஒரு கீறல் படாம ஒத்த ஆளா பாத்துக்கிட்டேன்.

பொய்ங்க. சின்னவன் மொத நாளே அடுப்புக்கரிய தின்னுட்டான். அஞ்சு வயசு மூத்தவளுக்கு அம்மை போட்டிருக்குங்கிறது, புள்ளக் காம்பரா ஆயம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

புள்ளக் காம்பரான்னா, மலைக்கு வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம். ரெண்டையும் எறக்கி விட்டுட்டு காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்கு ஓடலாம்னு திரும்புறேன், ஆயம்மா மூத்தவ சட்டையத் தூக்கிப் பாத்துச்சி.

"ஏய்யா, வயிறு பூரா முத்து போட்டிருக்கு. கண்ண வீட்டுல வச்சிட்டா வந்த?"

"கொசு கடின்னு நெனச்சேங்க."

"இந்தக் குளுருல ஏதுய்யா கொசு? ரெண்டையும் தூக்கிட்டுப் போ. மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் இந்தப் பக்கம் வந்துறாத."

அம்மை போட்ட வீடுன்னா யாரும் உள்ள வரக் கூடாது, உள்ள இருக்கவங்க வெளிய போகக் கூடாது. முத்து எறங்கி, மூணு தடவ தலைக்குத் தண்ணி ஊத்துனாத்தான் விடுதல. எங்க ஆளுங்கள இந்தியாவுக்கே போ, நாட்ட விட்டு வெளிய போன்னு பேசிக்கிட்டிருந்த காலம் அது. நானோ எங்க இஸ்தோப்புத் திண்ணையத் தாண்ட முடியாம கெடந்தேன்.

வாசல்ல வேப்பெல சொருகணும். மஸ்கெலியா குளுருல வேப்பமரத்துக்கு எங்க போறது? நான்தான் பெரிய புத்திசாலியாச்சே. பச்சையா இருந்தா போதும்னு, லயத்துக்குப் பின்னால ஒரு தேயிலக் கொப்ப ஒடிச்சி சொருகிட்டேன். அந்தப் பக்கமா வந்த கணக்கப்புள்ள அதப் பாத்துட்டு, "தோட்டத்துச் செடிய ஒடிச்சது எவன்டா?"ன்னு படியேறுனாரு. "அம்மை வீடுங்க"ன்னேன். ஏறுன மனுசன் எறங்குன வேகத்துல குடைய விட்டுட்டுப் போயிட்டாரு.

அதுக்கப்பறம் ஈ காக்கா வரல. பக்கத்து வீட்டுக் காம்பரா அக்கா மட்டும் மலைத்தண்ணி விழுற பீலியில தண்ணி புடிச்சி, கொடத்த வாசலுக்கு முன்னால ஓடுற கானுக்கு அந்தப் பக்கம் வச்சிட்டுப் போகும். ஒரு காம்பரா, ஒரே கதவு, வெளிய மழ, உள்ள பொக. சின்னவன் அடுப்புப் பக்கம் போகாம இருக்க, அவன் இடுப்புல ஒரு துணியக் கட்டி, மறுநுனிய என் இடுப்புல கட்டிக்கிட்டேன். யாரு யாரக் கட்டி வச்சிருக்கான்னு கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சி போச்சி.

அதவிடப் பெரிய கட்டு மூத்தவ வாயி. அம்மை போட்ட புள்ளய ஏசக் கூடாது, கேட்டத இல்லன்னு சொல்லக் கூடாது. கேக்குறது புள்ள இல்ல, ஆத்தா. அக்கா இதக் கானுக்கு அந்தப் பக்கம் நின்னு எனக்குச் சத்தமா சொல்லுச்சி. மூத்தவளுக்கும் கேட்டிருச்சி.

"அப்பா, ஆத்தாவுக்குச் சீனி வேணும்."

குடுத்தேன்.

"ஆத்தாவுக்கு ஆன வேணும்."

முட்டிக்கால் போட்டு காம்பராவச் சுத்தி வந்தேன். சின்னவன் பின்னாலயே வாலு மாதிரி இழுபட்டு வந்தான்.

எனக்கு நெனப்பெல்லாம் டிக்கோயாவுல. ரெண்டாவது பிரசவத்துலயே பொண்டாட்டி பொழச்சது பெரிய பாடு. இப்ப போயி அத்தன நாளாச்சி, ஒரு சேதி இல்ல. போயிப் பாக்கவும் வழி இல்ல. சரி, ஆத்தாவே வீட்டுல இருக்காளே, கேட்டுப் பாப்போம்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

"தாயே, அம்மாவுக்கு என்ன பொறக்கும்?"

"ஆட்டுக்குட்டி."

"அம்மா நல்லாருக்காளா தாயே?"

அவ சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. "அம்மா வராது."

சிரிச்சிட்டு விட்டிருக்கலாம். முடியல. காச்சல்ல கெடக்குற புள்ள, அம்மா மேல கோவத்துல சொல்லுதுன்னு புத்தி சொல்லுது, மனசு கேக்க மாட்டேங்குது. டிக்கோயாவுக்கு ஓடிரலாம்னு எந்திரிச்சேன். இடுப்புல துணி இழுத்துச்சி. அத அவுத்துரலாம். அவுத்துட்டு இதுங்கள யாருகிட்ட விடுறது? எந்தக் காம்பராவுக்குத் தூக்கிட்டுப் போனாலும் கதவச் சாத்திக்குவாங்க. திரும்ப உக்காந்துட்டேன்.

"ஆத்தாவுக்கு இன்னும் கொஞ்சம் சீனி வேணுமா?"

வேணாம்னுட்டா.

மறுநா அக்கா கொடத்த எறக்கி வைக்கிறதுக்கு முன்னாலயே சத்தம் போட்டுச்சி. "இந்தாய்யா, ஆஸ்பத்திரியிலருந்து சேதி வந்திருச்சி, பொம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் நல்லாருக்கு. பச்ச ஒடம்போட அம்மை வீட்டுக்கு வரக் கூடாதுன்னு, நோர்வூட்ல அவ அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

நான் கதவப் புடிச்சிக்கிட்டு நின்னேன். "என்னயப் பத்தி கேட்டாளாக்கா?"

"சின்னவன் சாப்புடுறானான்னு கேட்டு விட்டிருக்கா."

"என்னய?"

"அதான் சொல்றேனே, சின்னவனக் கேட்டா."

மூத்தவளுக்கு முத்து எறங்குனுச்சி. சின்னவனுக்கு நாலு போட்டு அதுவும் எறங்குனுச்சி. கண்டிப் பக்கமிருந்து வந்த லாரியில யாரோ குடுத்து விட்ட வேப்பெல, சருகா வந்து சேந்துச்சி. தண்ணி ஊத்தி முடிச்சோம். எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டிருச்சின்னு எங்கம்மா சொன்ன தைரியத்துல இருந்தேன். அது என் தம்பிக்குப் போட்டதா இருக்கும் போல. பொண்டாட்டி வர்ற அன்னைக்குக் காலையில சட்டைய மாட்டுறேன், தொப்புளுக்குப் பக்கத்துல ரெண்டு முத்து.

அவ புள்ளயத் துணியில சுத்தித் தூக்கிக்கிட்டு படியேறி வாறா. சொல்லாம இருந்தா, ஒரே ஒரு தடவ கையில வாங்கிப் பாத்துரலாம். கைய நீட்டிக்கூட ஆச்சி.

"அங்கயே நில்லு புள்ள."

"ஏன், பொட்டப் புள்ளன்னு கோவமா?"

சட்டையத் தூக்கிக் காட்டுனேன். அவ கானுக்கு அந்தப் பக்கமே நின்னு என் வயித்தப் பாத்தா.

"நான் இல்லாத நேரத்துல வேற வேலையே கெடைக்கலயா உங்களுக்கு?"

அப்பறம் புள்ளயத் தூக்கிப் புடிச்சா. "மொகத்தையாவது பாத்துக்கங்க. தெரியுதா?"

ஒரே பனி. துணிதான் தெரிஞ்சிச்சி. "தெரியுது, தெரியுது, என்னய மாதிரியே இருக்கா"ன்னேன். அவ நோர்வூட்டுக்கே திரும்பிட்டா. நான் உள்ள வந்து பாயில படுத்தேன். மூத்தவ கிட்ட வந்து உக்காந்தா. இனி நாந்தானே ஆத்தா, நான் கேட்டத இவ மறுக்கக் கூடாதேன்னு நெனச்சி, மொத மொதல்ல, ஆத்தாவுக்குச் சீனி வேணும்னு கேட்டேன் பாருங்க, அதுக்கு அவ...

"ஏங்க, எவ்வளவு நேரமா கத்துறேன், இந்தப் பேரனக் கொஞ்சம் வந்து கழுவி விடுங்க!"

இருங்க, பொண்டாட்டிதான் கூப்புடுறா.