இரண்டு பேர் ஓட்டிய உழவு மெசின்

எங்கள் உழவு மெசினை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ஊரில் ஓடிய மற்ற மெசின்களில் எல்லாம் ஓராள்தான் இருப்பார். இரண்டு சாரதிகள் கேட்கிற அளவுக்குப் பெரிய சாமான் எங்களிடம்தான் இருக்கிறது என்று எட்டு வயதில் நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தேன்.

பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. மீள்குடியேறி, பரந்தனுக்கு மேற்கே எங்கள் காணிக்கு வந்த புதிதில், போரில் கைவிட்ட வாகனங்களின் குவியலுக்குள் எங்களுடையதென்று அப்பா அடையாளம் கண்டு மீட்ட மெசின் அது. நீலப் பெயின்ற் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் துரு. ஏறி இறங்கினால் என் சட்டையெல்லாம் செம்மண் நிறமாகிவிடும். அந்தக் கறையோடேயே பெருமையாகப் பள்ளிக்கூடம் போவேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எஞ்சினைக் கழற்றிப் பூட்டி ஒருவாறு உயிர் கொடுத்தார். ஆனாலும் அவருக்கு நம்பிக்கையில்லை.

"அத்தான், உந்த மெசினைப் பழைய இரும்புக்குக் குடுத்திட்டு வாடகை மெசின் பிடிப்பம்."

"என்ர வயலை நான்தான் உழுவன்," என்றார் அப்பா.

அப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்கு மேலே இல்லை. போரில் செல்லடியில் போனது. மெசினில் கிளச் இருப்பதோ இடது பக்கம். அதனால் அம்மா இடது சில்லுக்கு மேலிருந்த மட்காட்டில் குந்தியிருந்து கிளச்சில் கால் வைத்துக்கொள்வார்.

"அழுத்தும்!" என்பார் அப்பா. அம்மா அழுத்துவார். கியர் விழும். "விடும்... மெல்ல விடும்... ஐயோ!" மெசின் ஒரு குதி குதித்து நின்றுவிடும். பிறகு அயலட்டைச் சனம் திரண்டு வந்து தள்ளவேண்டும். தள்ளுகிறவர்கள் சும்மா தள்ளுவார்களா? "பொம்பிளை மாப்பிள்ளை ஊர்வலம் வருது, வழி விடுங்கோ!" என்று கத்துவார்கள். அம்மா சிரித்துக்கொண்டே கிளச்சில் கால் வைத்திருப்பார்.

மாரி மழையை நம்பிய காலபோகத்துக்குப் புழுதியில் நெல்லை வீசிவிட்டு, மேலே உழுது மண்ணால் மூடிவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு நெல் வீசியாகிவிட்டது. அரைவாசி வயல் மூடுபட்ட நேரத்தில் பூநகரிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை முந்தினால் மூடாத நெல் அத்தனையும் வெள்ளத்தோடு போய்விடும். எங்களிடம் வேறு விதைநெல் இல்லை. இன்னொரு வருசத்துக்கும் நிவாரண அரிசிதான்.

அந்த நேரம் பார்த்துக் கலப்பையில் கொடி சிக்கியது. வெட்டி எடுக்க இறங்கிய அப்பாவின் ஊன்றுகோல் மண்கட்டியில் சறுக்க, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. மாமாவோ டீசல் வாங்கப் பரந்தனுக்குப் போயிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வரம்பில் சாய்ந்திருந்த அப்பா வானத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"நீர் ஏறும்."

"நானோ? உங்கட கையை முதல்..."

"கை கிடக்கட்டும். ஏறும் எண்டுறன்."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கொடியை வெட்டி எறிந்துவிட்டு, ஏறினார். மெசின் குதிக்கவில்லை. நூல் பிடித்தாற்போலப் போனது. வரம்போடு திரும்பியது, மூலையில் பின்னுக்கு வந்து, விடுபட்ட துண்டையும் உழுதது. கடைசி உழவுச்சால் முடித்து மேட்டில் ஏற்றவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

நான் மழைக்குள் நின்று துள்ளினேன். "அப்பா, பாத்தீங்களே! உங்களைப் பாத்துப் பாத்தே அம்மா பழகிட்டா!"

"ஓம் பிள்ளை," என்றார் அப்பா. "வலு கெட்டிக்காரி உன்ர அம்மா." முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். கை நோகிறதாக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை. ஒரே நாளில் மெசின் பழகிய அம்மா வேறு யாருக்கு இருக்கிறார்? அப்பாவின் கால் போன அன்று, என்னைப் பதுங்குகுழியில் அயலவரிடம் விட்டுவிட்டு, பின்னால் கொளுவிய இழுவைப் பெட்டியில் அவரைக் கிடத்தி, விழுகிற செல்லுக்குள்ளால் அதே மெசினை ஆஸ்பத்திரி வரைக்கும் தனியே ஓட்டிக்கொண்டு போனவர் அம்மா. அந்த வயலில் நின்ற மூன்று பேரில் அது தெரியாதவள் நான் ஒருத்திதான்.