தாலினில் மகள் பேசிய மாலை

என் மகள் எஸ்தோனியா நாட்டின் தாலின் நகரத்தில் மேடையேறிப் பேசப்போகிறாள் என்று அறிந்ததும், அது பரிசளிப்பு விழாதான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். பாரிசின் லா சப்பலில் உள்ள எங்கள் மரக்கறிக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னேன். "எஸ்தோனியாவில பிள்ளைக்குப் பரிசு குடுக்கினம்." அந்த நாடு எங்கே என்று கேட்டவர்களுக்கு என் கணவர் தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். விரல்நுனி அளவுதான் இருந்தது.

மகள் பாரிசிலேயே பிறந்து பொறியியல் படித்தவள். கடைகளின் குளிர்பெட்டி சூடேறத் தொடங்கினால் உரிமையாளரின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்றைச் செய்தாள். அதற்கான கொம்பனியை எஸ்தோனியாவில் பதிந்தாள். ஒரு அரசாங்கக் கந்தோருக்கும் போகத் தேவையில்லை, எல்லாம் கணினியிலேயே முடிந்துவிடும் என்றாள். பத்திரங்களுக்காக வரிசையில் நின்றே பழகிய எனக்கு நம்ப முடியவில்லை. பிறகு அவளும் அங்கேயே குடிபோய்விட்டாள்.

விழாவுக்கு நான் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு போனேன். இடம் ஒரு பழைய தொழிற்சாலை. எல்லோரும் ஜீன்சும் கம்பளிச் சட்டையுமாக நின்றார்கள். மகளின் தோழி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த நாட்டுப் பெண், பிரான்சின் லியோன் நகரில் படித்தவள். மகள் ஆங்கிலத்தில் பேசப் பேச, அவள் என் காதருகே பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கருவி அடிக்கடி பொய் எச்சரிக்கை அனுப்பியதாம். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழற்றி வைத்துவிட்டார்களாம். கோடையில் கொம்பனியை மூடிவிட்டேன் என்கிறாள்."

மறுபடி கேட்டேன். மூடியது உண்மைதான். கோடை முடிந்து பனி விழத் தொடங்கியிருந்தது. அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் எல்லாம் நல்லபடி போகிறது என்றே சொல்லிவந்தாள். என் முகம் எரிந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன். மகள் பேசி முடித்ததும் மண்டபமே கைதட்டியது.

"இதற்கு ஏன் கைதட்டுகிறார்கள்?" என்று கேட்டேன்.

"இது தொழிலில் தோற்றவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் கூட்டம். எங்கள் நாட்டில் நாங்கள் கொஞ்சப் பேர்தானே" என்றாள் தோழி. "ஒருவர் தன் பிழையை மறைத்தால் அடுத்தவரும் அதே பிழையைச் செய்வார். எங்களுக்கு அது கட்டுபடியாகாது."

கோப்பி குடிக்கும்போது வயதான ஒருவர் மகளை நெடுநேரம் விசாரித்தார். எந்த விதி இடைஞ்சலாக இருந்தது, அரசாங்கம் எதை மாற்றலாம் என்று கேட்டார். அமைச்சில் பெரிய அதிகாரியாம். அவள் அவரிடம் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதுபோலப் பேசினாள். பிறகு இளம் தம்பதி ஒன்று வந்து, அந்தக் கருவியைத் திருத்தி மருந்துக் களஞ்சியங்களுக்குச் செய்யலாமா என்று கேட்டது. நானோ யார் கண்ணிலும் படாமல் நிற்க ஒரு மூலையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "உனக்கு வெக்கமா இல்லையே, பிள்ளை? அத்தனை சனத்துக்கு முன்னால..."

வழக்கமாகப் பிரெஞ்சில் பதில் சொல்பவள் அன்று தமிழில் சொன்னாள். "அவையளுக்குச் சொல்ல வெக்கமில்லை அம்மா. உங்களுக்குத்தான் சொல்ல ஏலாமல் இருந்தது."



பாரிசுக்குத் திரும்பியபின், புறநகரான பொபினியில் இருந்து கிழமைதோறும் கடைக்கு வரும் அக்கா ஒருவர் ஆவலோடு கேட்டார். "என்ன பரிசாம்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஒரு கேடயம் குடுத்தவை அக்கா" என்று வந்துவிட்டது. கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கட பிள்ளையள் நல்லா வரவேணும்" என்றார். அந்தக் கைக்குள் என் கை கூசியது. கத்தரிக்காயை நிறுக்காமலே பையில் போட்டுக் கொடுத்தேன்.

அவர் வாசலுக்குப் போகுமுன் கூப்பிட்டேன். "அக்கா, நில்லுங்கோ. கேடயம் ஒண்டும் இல்லை. பிள்ளையின்ர கொம்பனி மூடியாச்சு. நான் பொய் சொன்னனான்."

கடையில் இன்னும் சிலர் நின்றார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பிடியே?" என்றார் அக்கா. பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனார். கணவர் அடுத்தவரின் வாழைக்காயை நிறுக்கத் தொடங்கினார்.

மகள் இப்போது அந்தத் தம்பதியோடு சேர்ந்து புதுக் கொம்பனி தொடங்கியிருக்கிறாள். கேட்பவர்களிடம் முதலாவதை மூடியதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் சொல்லும்போது அவர்களின் முகத்தைப் பார்க்க இன்னும் என்னால் முடிவதில்லை.