அம்மிக்குழவியும் செம்புக் கம்பியும்

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில், தொட்டியில் ஒரு புளியமரம் வளர்த்தேன். ஒரு முழ உயரம்தான். அடையாறில் ஒரு அம்மா தன் வீட்டிலேயே போன்சாய் சொல்லிக் கொடுத்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு, பார்த்தே கற்றுக்கொண்டேன்.

மரத்தின் இடது பக்கக் கிளைகளை அணில் கடித்துப் போட்டதில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதுவும் வானத்தைப் பார்த்து நின்றது. கம்பி சுற்றித் தாழ்த்த வேண்டும். ஒடிந்தால் மரம் ஒரு பக்கம் மொட்டை. அந்தப் பயத்திலேயே தள்ளிப்போட்டுக்கொண்டு இருந்தேன்.

வீட்டு ஓனர் பழைய ஒயரிங்கை மாற்றியபோது செம்புக் கம்பி கொஞ்சம் கேட்டு வாங்கினோம். கேட்டது என் கணவர், நான் கதவுக்குப் பின்னால். மேல் ரப்பரை அரிவாள்மணையில் சீவி எடுத்தேன். கம்பி நுனியைக் கிளையில் வைத்து அழுத்த வேண்டும். கம்பி வளைந்தால் மெலிசு, கிளை அசைந்தால் சரியான கனம். அப்படிப் பார்த்துச் சில துண்டுகளைப் பொறுக்கினேன்.

செம்பு விறைப்பாக இருந்தால் சுற்றும்போது கிளையை ஒடித்துவிடும், சுட்டால் இளகும். இஸ்திரி வண்டிக்காரரிடம் கரி வாங்கி, விளக்கு வைக்கிற நேரத்தில் கும்முட்டி அடுப்பில் கம்பிச் சுருளைப் போட்டுச் சுட்டேன். அந்தச் சிவப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆறினதும் ஈரத்துணி மாதிரி துவண்டது. இனி அதைக் கிளைமேல்தான் வளைக்கலாம். வேறெங்கே வளைத்தாலும் தட்டினாலும் மறுபடி இறுகிப்போகும்.

காலையில் பார்க்கிறேன், சுருளைக் காணோம். இவர் அம்மியில் கம்பியை நீட்டிவைத்துக் குழவியால் உருட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஊசி மாதிரி நிமிர்ந்து கிடந்தது.

"கோணல்மாணலா கிடந்துது. உனக்குச் சுத்தறதுக்கு வசதியா நிமித்திட்டேன்" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

ஒன்றை எடுத்து வளைத்தேன். விண்ணென்று நின்றது. அவர் செய்ததைத் தப்பு என்று சொல்லிப் பழக்கமே இல்லை எனக்கு.

"என்ன, சரியா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இதைச் சுத்தினா கிளை ஒடிஞ்சிடும்."

"நேரா இருந்தா ஒடியுமா?"

"உருட்டினதுல இறுகிடுச்சு. திரும்பச் சுடணும்."

குழவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை நேத்தே வாயைத் தொறந்து சொல்லியிருந்தா என் இடுப்பாவது மிஞ்சியிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

சாயங்காலம் கம்பியை நான் சுருட்டிக் கொடுக்க, அவரே அடுப்பை விசிறினார். "வெந்துதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "சோறா இது?" என்றேன். இப்போதெல்லாம் மெத்தென்ற அலுமினியக் கம்பியே கடையில் கிடைக்கிறதாம். கிடைக்கட்டும். அடுப்பை விசிற ஆள் கிடைக்குமா?

மறுநாள் நான் சுற்றும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கம்பியோடு கிளை மெல்ல மெல்ல இறங்கியது. ஒரு தரம் லேசாக முனகியது.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

"போதுங்க" என்றேன்.

பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து, தொட்டியை நிழலுக்குத் தூக்கிப் போனார்.