டேப் எட்டாத கிணறு

சந்தாபுராவில் ஒரு தெருமுனையில் அரசின் ஆழ்துளைக் கிணறு இருந்தது. மாதாமாதம் அதில் டேப்பை இறக்கி, நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பதிவு செய்வது என் வேலை. மாநிலத்தின் நீர்த் திட்டத்தை இந்த எண்களை வைத்துத்தான் போடுவார்கள்.

ஒரு கோடையில் முப்பது மீட்டர் டேப்பும் முழுதாக இறங்கி, நனையாமல் மேலே வந்தது. அலுவலக வழக்கப்படி ‘முப்பது’ என்று எழுதினேன். எதிர்வீட்டு அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி இருக்கா சார்?”

“டேப் எட்டலம்மா.”

“அப்ப எட்டலன்னே எழுதுங்க. டேங்கராவது அனுப்புவாங்க.”

“நம்பர்தாம்மா போடணும்.”

“நல்ல டேப் சார் உங்களுது. பூமியே அதோட முடிஞ்சிருச்சு.”

நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கிணறு முப்பதிலேயே நின்றது. நீர்மட்டம் நிலையாக இருக்கிறது என்று அறிக்கை வந்தது. அதைக் காட்டியே அந்தத் தெருவுக்கு டேங்கர் மறுத்தார்கள். அந்த அம்மா வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்.

சென்ற ஆண்டு அங்கே தானியங்கிக் கருவி பொருத்தினார்கள். ஒரே நாளில் நீர் இவ்வளவு கீழே போனது எப்படி என்று எனக்குப் போன் செய்து கேட்டார்கள். ஒரே நாளில் போகவில்லை, நான்தான் எழுதவில்லை என்றேன். எட்டவில்லை என்று ஓரத்தில் எழுதியிருக்கலாம். பேனா கையில்தான் இருந்தது.