பதினைந்தாம் சென்டிமீட்டரில் மெழுகுவர்த்தி

ஆய்வுக்கூட மேசைமேல் சாக்பீஸால் போட்ட இரண்டு கோடுகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகின்றன. லென்ஸிலிருந்து பதினைந்தாவது சென்டிமீட்டரில் மெழுகுவர்த்திக்கு ஒன்று, மறுபக்கம் முப்பதில் திரைக்கு ஒன்று. தொண்ணூறுகளின் தொடக்கம், தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் லேப் அட்டெண்டர். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதென்றால் எங்கள் பள்ளியில் பாடமே ஒத்திகையாகிவிடும். எந்தக் கேள்விக்கு யார் எழுந்திருப்பது, எதை எங்கே வைப்பது எல்லாம் முன்பே முடிவு. இயற்பியல் டீச்சருக்கு அந்தக் கூத்து பிடிக்காது. ஆனாலும் அந்த முறை அவரே கோடு போட்டார். அவருடைய ஐந்து வருடத் தற்காலிக வேலை அந்த இன்ஸ்பெக்‌ஷனில்தான் நிரந்தரமாக வேண்டும். மாடம்பாக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பாவுக்கு அவரை விட்டால் யாரும் இல்லை.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலை துடைக்கும்போது லென்ஸ் என் கை நழுவி இரண்டாய்ப் போயிற்று. எதையாவது உடைத்தவனை அன்றே வீட்டுக்கு அனுப்பும் நிர்வாகம் அது. கோழைப்பயல் நான். அலமாரியிலிருந்து பார்வைக்கு அதேபோல் இருந்த இன்னொன்றை எடுத்து மாட்டினேன். பழையதன் குவியத் தூரம் பத்து சென்டிமீட்டர், இதற்கு இருபது என்பது எனக்குத் தெரியாமலில்லை. எப்படியும் டீச்சர் சமாளித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குவிலென்ஸின் குவியத்துக்கு வெளியே பொருளை வைத்தால் பிம்பம் திரையில் தலைகீழாக விழும். குவியத்துக்கு உள்ளே வந்துவிட்டால் எந்தத் திரையிலும் விழாது. நான் மாட்டிய லென்ஸுக்குப் பதினைந்தாவது கோடு உள்ளே. சுடர் இரண்டு மடங்காகத் தெரியும் என்று சொல்லி டீச்சர் மெழுகுவர்த்தியைக் கோட்டில் வைத்தார். திரையில் மங்கலாக வெளிச்சம் மட்டும். திரையை நகர்த்தினார், மேசை விளிம்புவரை நகர்த்தினார். பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனார். கதவருகே நின்றிருந்தேன், பாழாய்ப்போன என் வாய் திறக்கவே இல்லை.

வகுப்பு காலியானபின் டீச்சர் லென்ஸைக் கழற்றி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரருகே பிடித்தார். வெளியே நின்ற வேப்பமரம் சுவரில் தலைகீழாய் விழுந்தது. சுவருக்கும் லென்ஸுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்தார். இருபது. திரும்பி என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“காலையிலயே சொல்லியிருந்தா மெழுகுவத்திய முப்பதுக்கும் திரைய அறுபதுக்கும் தள்ளி வச்சிருப்பேன், அண்ணா. அவ்ளோதானே.”

நிர்வாகத்திடம் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. ஆண்டு முடிவில் அவரை நிறுத்திவிட்டார்கள். நான் அதே ஆய்வுக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். மாடம்பாக்கம் இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான். அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று விசாரிக்கக்கூட எனக்கு முகமில்லை.