இரண்டு பக்கமும் பொட்டு வைத்த பிளக்

காலையில் ரஹீமா தொலைபேசியில் அழைத்து, “முத்தையா அண்ணே, சரோஜாக்கா போயிட்டாங்க” என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, “பெட்டி ஓடிட்டு இருந்துச்சா?” என்பதுதான். ரஹீமா, சரோஜா அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? மனுஷி போயிட்டாங்கன்னு சொல்றேன்லா” என்று அழுதார். பிளக் சுவரில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி மறுபடியும் கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, “இல்ல, வயரச் சுருட்டிப் பெட்டி மேலதான் வெச்சிருக்கு” என்றார். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

காஜா பேராங் என்ற எங்கள் பகுதியில் சரோஜா அக்காவிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்காத வீடு குறைவு. கொடுத்தவர்களுக்கு அவருடைய வாயும் தெரியும். அளவு எடுக்கும்போதே, “போன தடவைய விட ரெண்டு இஞ்சு கூடிப்போச்சு, சோத்தக் கொற” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார். நெற்றியில் பொட்டு வைக்கமாட்டார். கல்யாணமே ஆகாத ஒருவர் ஏன் அப்படி இருக்கிறார் என்று ஊர் தன் பாட்டுக்குக் கதை கட்டியது. இந்தப் பகுதியில் காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர் உயிரோடு இருந்தவரை சொல்லவில்லை. இப்போது சொல்லாவிட்டால் அந்தக் கட்டுக்கதைதான் நிலைத்துப்போகும்.

தங்கராஜு அண்ணன் அக்காவுடன் பிறந்த மூத்தவர். எங்கள் சின்ன இசைக்குழுவில் கித்தார் வாசித்துக்கொண்டே பாடுவார். நான் போங்கோ தட்டுவேன். மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய வருடம், தன் ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடமிருந்து ஓர் ஆம்பிளிபயர் அண்ணன் கைக்கு வந்தது. பழுப்பு நிற மரப்பெட்டி. செய்தவர் பெயர்கூட அதில் இல்லை. கித்தாரை அதில் மாட்டிக் கம்பியைத் தட்டினால், சத்தம் முதலில் கொஞ்சம் தயங்கும்; பிறகு தொண்டை கட்டியவர் பாடுவது போலக் கரகரத்துப் பெருகி வரும். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. அந்தச் சத்தத்துக்காகவே எங்களைத் தேடி வந்து கூப்பிட்டார்கள்.

பெட்டிக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. அந்தக் காலத்துப் பிளக்குக்கு இரண்டே கால். எந்தப் பக்கம் திருப்பியும் செருகலாம். ஒரு பக்கம் செருகினால் ஒன்றும் ஆகாது. மறுபக்கம் செருகினால் வீட்டு மின்சாரம் நேராகப் பெட்டிக்குள் இருக்கும் இரும்புத் தகட்டுக்கும், அங்கிருந்து கித்தார்க் கம்பிக்கும் வந்துவிடும். அப்போதும் பெட்டி வேலை செய்யும்; அதன் உறுமல் மட்டும் சற்றுக் கூடும். முதல் நாளே அண்ணனுக்கு விரலில் சுரீரென்று அடித்தது. அவர் பெட்டியை ஒதுக்கவில்லை. தங்கையின் சாந்துப் புட்டியை எடுத்துவந்து, பிளக்கின் சரியான பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார். “பொட்டு மேல பாக்கணும். அவ்வளவுதான் சட்டம்” என்று எங்களிடம் சொன்னார்.

“என் சாந்த எடுத்து இதுக்கு ஏன் வெச்சீங்க?” என்று அக்கா சண்டைக்கு வந்தார். அண்ணனுக்கு அவரைச் சீண்டாமல் ஒரு வேளைச் சோறு இறங்காது. “ஊரு கண்ணு பூரா பெட்டி மேலதான் இருக்கு. அதான் திருஷ்டிப் பொட்டு” என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த முதல் நவராத்திரி. ஆயுத பூசைக்கு அக்காதான் வாத்தியங்களை எல்லாம் ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் பொட்டும் வைத்து வரிசையாக அடுக்கினார். பூசையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால் நாங்களும் தொடவில்லை. விஜயதசமி அன்று புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கச்சேரி. மத்தியானம் பெய்த மழையில் தரையெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. அண்ணன் பிளக்கைப் பார்த்தார். பொட்டு மேலே இருந்தது. செருகினார்.

பெட்டி வழக்கத்தைவிடக் கூடுதலாக உறுமியது. “அண்ணே, என்னமோ உறுமுதே” என்றேன். “மழ ஈரம்டா. சூடானா சரியாயிடும்” என்றார். பலகை மேடையில் ரப்பர் செருப்போடு நின்றதால் கம்பியைத் தொட்டபோது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு முறை தட்டிச் சுருதி பார்த்தார். பிறகு, கை கம்பியில் இருக்க, மைக்கை நோக்கிக் குனிந்தார். எர்த் கொடுத்திருந்த மைக்கில் உதடு பட்டதும், மின்சாரம் உடம்பு வழியாகப் பாய்ந்து உயிர் போனது. அதோடு சரி.

ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கியவன் நான். கையில் திருப்பிப் பார்த்தால் இரண்டு பக்கமும் பொட்டு. நிமிர்ந்தேன். கச்சேரிக்கு வந்திருந்த அக்கா எனக்கு எதிரே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் அண்ணனைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. அக்கா என்னிடம் மெதுவாக, “அப்ப அது திருஷ்டிக்கு இல்லையா?” என்று கேட்டார். நான் இல்லை என்று தலையசைத்தேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அன்றிலிருந்து அவர் சாந்துப் புட்டியைத் தொடவில்லை. யார் வீட்டுப் பொருளையும் கேட்காமல் நகர்த்தமாட்டார். என் மகள் கல்யாணத்தில், குத்துவிளக்கு காற்றில் அணைந்துபோய், தீப்பெட்டி அவர் கையிலேயே இருந்தும், “இத ஏத்தலாமா? யாராவது வேணும்னு அணைச்சு வெச்சிருக்கீங்களா?” என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு நின்றார். “கேட்டுட்டுச் செய்யி. செஞ்சிட்டுக் கேக்காத.” இதை அவர் வாயால் கேட்காதவர்கள் இந்தப் பகுதியில் யார் இருக்கிறீர்கள்? கடுகடுப்பு என்று நினைத்திருப்பீர்கள். அது பயம்.

பெட்டி அவர் படுக்கும் அறையில், துணி போர்த்தி, யாரும் தொடாமல் இருந்தது. பழைய ஆம்பிளிபயர்களின் சத்தத்தை இப்போது அப்படியே கணினியில் உருவாக்கிவிடுகிறார்கள் என்று சென்ற ஆண்டு பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். தையல் ஊசி நின்றது. “அப்ப அண்ணனோட சத்தம் இருக்கும், இந்தப் பெட்டி இருக்கத் தேவையில்ல. அப்படித்தானே?” என்றார். மறுநாளே பெட்டியோடு பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இருக்கும், லிம் என்கிற சீன இளைஞரின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனோம். லிம்முடன் பேசியது மலாயில். இங்கே நம் பேச்சில் தருகிறேன்.

“இத கம்ப்யூட்டர்ல ஏத்திக்குடு. அப்புறம் நான் இத ஒடைக்கணும்” என்றார் அக்கா. லிம் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஆண்ட்டி, இந்த மாதிரி இன்னொண்ணு நான் பாத்ததே இல்ல. ஒடைக்காதீங்க” என்று கெஞ்சினார். “அதுக்குத்தானே ஏத்தச் சொல்றேன்” என்றார் அக்கா. லிம் காய்ந்துபோன பாகங்களை மாற்றினார். பாதுகாப்புக்கு நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்துத்தான் ஓட்டப்போவதாகச் சொன்னார். அதற்கு முன், எந்தப் பக்கம் சரி என்று பார்க்கப் பிளக்கைச் சுவரில் செருகி, மின்சாரம் இருந்தால் எரியும் டெஸ்ட் பென்னைத் தகட்டில் வைத்தார். அது சிவப்பாக எரிந்தது. திருப்பிச் செருகினார், எரியவில்லை.

“பாத்தீங்களா, முதல்ல செருகினது தப்பு” என்று சொல்லி, குழப்பம் வேண்டாமென்று அந்தப் பக்கத்துப் பொட்டைத் துடைக்கப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “கேட்டுட்டுச் செய்யி, தம்பி” என்றார். “ஒண்ணு பத்தாதுன்னு நான்தான் ரெண்டு பக்கமும் வெச்சேன்.” எதுவும் தெரியாத அந்தச் சீனப் பையனிடம்தான் முதன்முதலாக முழுக்கதையையும் சொன்னார். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

இரண்டு பக்கத்துச் சத்தமும் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. உறுமல் ஒரு குறை, அதை நீக்கித் தருவதுதான் வழக்கம் என்று லிம் சொல்லிப்பார்த்தார். அக்கா கேட்கவில்லை. கடைசியில் லிம் ஒரு சின்னக் கணினியின் திரையில் பெட்டியின் படம் போட்டு, அதன் கீழ் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுத்தார். அதை அழுத்தினால், பிளக்கைத் திருப்பியது போலப் பொட்டு மேலும் கீழும் மாறும். பொட்டு கீழே இருந்தால் உறுமும். மேலே இருந்தால் உறுமாது. கூடவே, கேட்டுப் பார்க்கக் கொஞ்சம் கித்தாரும் வாசித்துச் சேர்த்திருந்தார்.

அதன் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. “சாயந்தரமானா ஹெட்போன காதுல மாட்டிக்கிட்டு அசையாம உக்காந்துடறாங்க. கூப்பிட்டாக்கூடத் திரும்பல. பயமா இருக்குண்ணே” என்றார் ரஹீமா. நேரில் போய், “என்னக்கா கேக்குறீங்க?” என்றேன். “உறுமுது பாரு, அத” என்றார். பெட்டியை உடைக்க எப்போது வரட்டும் என்று கேட்டால், “அடுத்த வாரம் வா” என்பார். ஒவ்வொரு முறையும் அதே பதில். அந்தப் பெட்டி அவரையும் கூப்பிடுகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒருநாள் அவரே அதைச் சுவரில் செருகுவார், தப்பான பக்கத்தைத்தான் செருகுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அதனால்தான் ரஹீமாவிடம் அப்படிக் கேட்டேன். நான் போனபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தூக்கத்திலேயே போனதாக மருத்துவர் சொன்னார். அறையில் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போன் தலையணை மேல் கிடந்தது. உறுமலைக் கேட்கத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு அதை மாட்டினேன்.

உறுமல் இல்லை. தயங்கி, கரகரத்து, பெருகி வரும் கித்தார் மட்டும் இருந்தது. திரையைப் பார்த்தேன். பொட்டு மேலே இருந்தது.

லிம்மிடம் சொன்னபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திறக்கும்போதெல்லாம் பொட்டு கீழே, தப்பான பக்கத்தில்தான் இருக்க வேண்டும், தன் கையால்தான் திருப்ப வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். அப்படியென்றால் தினமும் சாயந்தரம் அந்த உறுமலைக் கேட்டுவிட்டு, அவர் பிளக்கைத் திருப்பியிருக்கிறார்.

காரியம் முடிந்த மறுநாள் லிம்மும் நானும் பெட்டியை உடைத்தோம். வயரை வெட்டி, பிளக்கை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். என் மேசையில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு பொட்டும் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள், இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்; விளையாட்டுக்குக்கூட நான் வேறு பதில் சொல்வதில்லை.