வெள்ளைக் கேசரி

மரத்தூள், எலி மூத்திரம், ஸ்பிரிட். எண்பதுகளின் நடுவில் என் காலைகளுக்கு இந்த வாசனைதான்... மலேசியாவின் ஈப்போவில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம். என் முதல் வேலை.

கேசரிக்குப் போடும் மஞ்சள் சாயம் எலியின் ஈரலை என்ன செய்கிறது? அதுதான் கேள்வி.

இடப்பக்கக் கூண்டுகளுக்குச் சாயம் கலந்த தீனி. வலப்பக்கத்துக்கு வெறும் தீனி. அவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, கண்ட்ரோல் என்போம். ஆறு வாரம் கழித்து ஈரலை அரைத்து, மருந்து சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு வரும். நிறம் ஏற ஏற, ஆக்சிஜன் ஈரலை அரித்திருக்கிறது என்று அர்த்தம்.

எலிகளைப் பார்த்துக்கொண்டவர் பாக்கியம் அக்கா. சுங்காய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறியதும் ஈப்போவுக்கு வந்துவிட்டார்.

ஐந்தாவது வாரம். தீபாவளிக்கு மறுநாள். வலப்பக்கக் கூண்டுகளின் மரத்தூளில் மஞ்சள் துணுக்குகள்...

"அக்கா, என்ன குடுத்தீங்க?"

"கேசரிலா. ஆளுக்கு ஒரு கிள்ளு."

"ஐயோ, இதுங்களுக்குச் சாயமே ஆகாதுக்கா!"

"பக்கத்து வீட்டுக்கு மட்டும் தெனம் மஞ்சச் சோறு. இதுங்க பார்த்துக்கிட்டே கெடக்கு. தோட்டத்து லயத்து வரிசையில ஒரு வீட்ட மட்டும் விட்டுட்டுப் பலகாரம் குடுப்போமா?"

சிரிப்பு வந்தது. ஆனால் வீணானது ஐந்து வார உழைப்பு.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது.

"டாக்டருக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும் தங்கச்சி. சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?"

"ஈரலுக்குத் தெரியும்கா."

நடந்ததைப் பதிவேட்டில் எழுதினேன். கீழே இன்னொரு வரி: 'கண்ட்ரோல் எதற்கென்று அவரிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை.' அதுவும் உண்மை.

கூடத்தின் தலைவரைத்தான் டாக்டர் என்போம். என் பதிவை இரண்டு முறை படித்தார்.

"புது எலி வாங்கு. மொதல்லேர்ந்து ஆரம்பி. இந்த வாட்டி அந்தம்மாவுக்கு வெளக்கிச் சொல்லு."

அவ்வளவுதான். அக்காவின் வேலை தப்பியது.

மறுபடி ஆறு வாரம். சாயம் தின்ற எலிகளின் ஈரல்களில் இளஞ்சிவப்பு கூடியிருந்தது. சாயம்தான் காரணம் என்று தயங்காமல் சொல்ல முடிந்தது... அந்தச் சுகமே வேறு.

அடுத்த தீபாவளிக்கு அக்கா இரண்டு டப்பா கொண்டுவந்தார். டாக்டருக்கு மஞ்சள் கேசரி. எனக்கு வெள்ளை.

"நீதான் கண்ட்ரோலுலா."

இப்போது கருவிகள் நிமிடத்தில் எண்களைத் துப்புகின்றன. மரத்தூளைக் குனிந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

நான் இன்னும் வெள்ளைக் கேசரிதான் கிண்டுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், "கலர் போட மறந்துட்டீங்களா?" என்கிறார்கள்.

மறக்கவில்லை.